குளத்துக்கு மட்டும்தான் டெஸ்ட்

என் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி காலையில் கண் விழித்ததும் முதலில் நலம் விசாரிப்பது குளத்தைத்தான். பல்கூடத் துலக்காமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போவார். சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடிப்பார். மருந்துச் சொட்டு விட்டு, மூடி, குலுக்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மஞ்சளாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. பச்சை தட்டினால் மீனைக் கொல்லும் அம்மோனியா ஏறிவிட்டது. பச்சை தட்டிய நாளில் அவருக்குக் காபி இறங்காது, எனக்கு ஒரு வார்த்தை கிடைக்காது.

குளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வீடு கட்டியது போக மிஞ்சிய துண்டு நிலத்தில், கறிவேப்பிலை மரத்துக்கும் செம்பருத்திச் செடிக்கும் நடுவே, இடுப்பளவு ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோய் என்கிற ஜப்பானிய அழகு மீன்கள். பேரிங் செய்கிற தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற ஆண்கள் சிலர் பங்குச் சந்தையில் பணத்தை விடுகிறார்கள், சிலர் நாள் முழுவதும் செல்போனில் அரசியல் பேசி அடுத்தவர் காதைத் துளைக்கிறார்கள். இவர் மீன் வளர்க்கிறேன் என்றபோது நான் சந்தோஷப்பட்டேன். மீன் பேசாது, பேசினாலும் தண்ணீருக்குள்தானே என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, சங்கிலியின் கொக்கியை மாட்டிவிட்டுக் கழுத்தைத் தடவினேன். தொண்டைக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ விரலில் தட்டியது. வலி இல்லை. எச்சில் விழுங்கினால் அதுவும் மேலே ஏறி இறங்கியது.

நான் கம்மனஹள்ளியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் எப்போது வந்து பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. "அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்று நழுவுகிறவர்களை நான் லேசில் விட்டதில்லை. போன் போட்டு, திட்டி, வரவழைத்துவிடுவேன். எங்கள் டாக்டர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த பொது மருத்துவரிடம் அனுப்பினார். அவர் அழுத்திப் பார்த்தார். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணினாத்தான் சொல்ல முடியும். தள்ளிப்போடாதீங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் டிவியை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சீட்டை மடித்துச் சாமி அலமாரியில் வைத்தார்.

"சரி, போலாம்" என்றார்.

அந்தப் 'போலாம்' இருக்கிறதே, அதை அவர் ஆயுத பூஜை வரைக்கும் இழுத்தார். ஆயுத பூஜை முடிந்ததும் தீபாவளி முடியட்டும் என்றார். தீபாவளி முடிந்ததும் மழை விடட்டும் என்றார். வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் மகள் சிந்துவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவளிடம் சொன்னால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அதற்காகத்தான் சத்தியம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிள்ளையைக் கலங்க வைக்கக் கூடாது என்று நினைக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

நீ தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆட்டோ பிடிக்கத் தெரியாதவள் இல்லை நான், இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. என் கையைப் பிடித்து ஒருவர் இழுத்துக்கொண்டு போனால் போவேன், நானாகப் போய் அந்த வாசலில் நிற்க மாட்டேன் என்று கால் அடம் பிடித்தது. அவர் இழுப்பார் என்று காத்திருந்தேன். அவரோ வலையை எடுத்துக்கொண்டு குளத்தில் உதிர்ந்த இலையை அள்ளிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. குழாயைத் தூக்கிப் பிடித்து நின்றவரிடம் போய், "தண்ணிதான் பளிச்சுனு இருக்கே, தினமும் எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கண்ணால பாத்தா தெரியாது வீணா. பளிச்சுனு இருக்கிற தண்ணியிலதான் மீன் சாவும். டெஸ்ட் பண்ணாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். சீக்கிரம் தெரிஞ்சா கால்வாசித் தண்ணிய மாத்திக் காப்பாத்திடலாம்."

"அப்போ என் கழுத்து? அதை மட்டும் கண்ணால பாத்தே தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

குழாயில் நிறம் வருவதற்குள் அதைச் செம்பருத்திச் செடியில் ஊற்றிவிட்டார். "போலாம்னு சொல்லியிருக்கேன்ல" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுவதும் நான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

அதன் பிறகுதான் குளம் கெட ஆரம்பித்தது. தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்தது. முதலில் லேசாக, பிறகு அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியாத அளவுக்கு. விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறியதும் கீழே போய்விடும். மறுநாள் விடிந்தால் மறுபடியும் மேலே. ஒரு காலையில் எல்லாவற்றிலும் மூத்தது, சிந்து கையிலிருந்தே பொரி வாங்கித் தின்கிற வெள்ளை மீன், பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. நீல டிரம்மில் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்து, குளோரின் போகட்டும் என்று காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். வடிகட்டியில் இருக்கும் பஞ்சைக் கழற்றிக் குளத்துத் தண்ணீரிலேயே அலசினார். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலிருக்கும் நல்ல கிருமி செத்துவிடுமாம். தினமும் டெஸ்ட் எடுத்தார். தினமும் மஞ்சள்தான்.

"அம்மோனியா சுத்தமா இல்ல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குழப்பம் இருக்க வேண்டுமே, இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நாள் வாங்கினேன். அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அந்த நாள் விடிந்தபோது குளத்தில் இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. அவர் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்திருந்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். "இன்னிக்கு வேணாம் வீணா. மனசு சரியில்ல" என்றார்.

"நீங்க மீனுக்குக் காரியம் பண்ணிட்டு வாங்க. எனக்கு வரும்போது அதே அய்யரைச் சொல்லிடலாம்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று தெரிந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். அன்று பல்லுக்கு வந்த யாரையும் நான் விரட்டவில்லை. வர முடியாது என்றவர்களிடம் சரி, அப்புறம் வாங்க என்றே சொன்னேன்.

இதற்கு நடுவில் வெல்லம். எங்கள் வீட்டில் வெல்லம் அதிகம் புழங்காது. அவருக்குச் சர்க்கரை உண்டு. பொங்கலுக்கும் வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்கும் மண்டியா உருண்டை வெல்லம் ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். வாங்கி வைத்த டப்பா காலியாக இருந்தது. மறுபடி வாங்கினேன், மறுபடி காலி. மூன்றாம் தடவை போனபோது கடைக்கார லட்சுமம்மா, "ஏனு வீணா, தின ஹப்பவா?" என்று சிரித்தாள். தினமும் பண்டிகையா என்று கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறார். இங்கே ஒருத்தி கழுத்தில் கட்டியை வைத்துக்கொண்டு திரிகிறாள், இவர் காலை வெட்டுகிற அளவுக்குச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு எனக்கு இன்னொரு வேலை வைக்கப்போகிறார்.

காலி டப்பாவை அவர் முன்னால் கவிழ்த்தேன். "இதுல இருந்த வெல்லம் எங்க?"

அவர் டப்பாவை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "தின்னுட்டேன்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா. ஆசையா இருந்திச்சு."

விடுவேனா? சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்துவந்து அவர் விரலில் குத்தினேன். இரண்டு டப்பா வெல்லம் தின்ற மனுஷனுக்கு மெஷின் அலற வேண்டும். அது என்ன காட்டியது தெரியுமா? ஆறு மாதத்தில் இவ்வளவு நல்ல அளவு வந்ததே இல்லை. மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று என் விரலிலும் குத்திப் பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அவர் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். தின்னாததைத் தின்றேன் என்று எதற்கு ஒரு மனுஷன் சொல்ல வேண்டும்?

பக்கத்துத் தெருவில் டெஸ்மண்ட் சார் இருக்கிறார். கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவர், அவர் வீட்டிலும் மீன்தொட்டி உண்டு. இவரும் அவரும் சந்தித்தால் தண்ணீரைத் தவிர வேறு பேச்சே வராது. இவ்வளவு மீன் செத்தும் இவர் அவரைக் கூப்பிடவில்லை. "அவரைக் கேளுங்களேன்" என்றால், "வேணாம், அவருக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார். நான் வேலைக்குப் போகும் வழியில் டெஸ்மண்ட் சாரைப் பார்த்தேன், சொல்லிவிட்டேன்.

"அம்மோனியா இல்ல, நைட்ரைட் இல்ல, ஆனா காலையில மேல வந்து மூச்சு வாங்குதா? ஆக்சிஜன் பாக்கணும்மா" என்றார் அவர். "வெயில் வர்றதுக்கு முன்னாடி பாக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வழியில வரேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பெட்டியுமாக வந்து நின்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். டெஸ்மண்ட் சார் குளத்து ஓரத்தில் மண்டியிட்டு, காற்றுக் குமிழி புகாமல் ஒரு சின்னக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே மூடி எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக மருந்து விட்டார். பழுப்பாக வர வேண்டிய நிறம் வெளிறிப்போய் வந்தது.

"மூர்த்தி, ஆக்சிஜன் அடியோட இல்லையேப்பா! இதுல எப்படிய்யா மீன் உயிரோட இருக்கு?"

இவர் குனிந்து தண்ணீரில் மிதந்த இலையை எடுத்தார்.

டெஸ்மண்ட் சார் இவருடைய சொட்டு மருந்தையும் வாங்கி அம்மோனியா பார்த்தார். பளீரென்று மஞ்சள். அவர் நெற்றியைச் சுருக்கினார். "இதுவும் எனக்குப் பிடிக்கல. இத்தனை மீன் இருக்கிற தொட்டியில கொஞ்சமாவது தெரியணும். இவ்ளோ சுத்தமா வரக்கூடாது. யாரோ கிருமிக்குச் சாப்பாடு போடுறாங்க. இறால் பண்ணையில இப்படித்தான், வெல்லப்பாகு ஊத்துவாங்க. கிருமி பெருகி அம்மோனியாவத் தின்னுடும். ஆனா அங்க காத்து மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். இல்லன்னா கிருமியே மொத்த ஆக்சிஜனையும் குடிச்சிரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஏதாச்சும் சர்க்கரைத் தண்ணி கொட்டுறாங்களா?"

"நம்ம வீட்டுப் பின்பக்கம் யாரு சார் வரப்போறாங்க" என்றார் இவர். சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்கிறேன். அந்தக் கை பின்னால் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் டெஸ்மண்ட் சாருக்குக் காபி கொடுத்தேன். அவர் தன் வீட்டிலிருந்து ஒரு காற்றுப் பம்பை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுச் சர்ச்சுக்குப் போனார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் வெல்ல டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் குளத்துச் சுவரில் வைத்தேன்.

"சொல்லுங்க."

அவர் டப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மீன்கள் வாய் திறப்பதைப் பார்த்தார்.

"எங்க ஊர்ப்பக்கம் வைத்தீஸ்வரன் கோயில் குளத்துல வெல்லம் கரைப்பாங்க" என்றார். "உடம்புல கட்டி கிட்டி வந்தா. வெல்லம் கரையிற மாதிரி கட்டியும் கரைஞ்சிடணும்னு வேண்டிக்கிட்டுக் கரைப்பாங்க."

நான் பெங்களூர்க்காரி. எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. சாமிக்கு விளக்குப் போட்டால்கூட எண்ணெய்ப் பிசுக்கு என்று முனகுகிற மனுஷன் இவர். எங்கள் வீட்டில் பல்லி விழுந்த பலன் பார்த்தால் நாள் முழுவதும் கேலி செய்வார்.

"அப்படின்னா கோயிலுக்கே போயிருக்கலாமே?"

"போறேன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பே. உன்னைத் தனியா விட்டுட்டுப் போவவும் பயமா இருந்திச்சு."

"சரி. டெஸ்டுக்கு ஏன் கூட்டிட்டுப் போகல? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார். குரல் சின்னதாகிவிட்டது. "எங்க அக்காவுக்கும் கழுத்துலதான் வந்திச்சு. அம்மா கூட்டிட்டுப் போயி வெல்லம் கரைச்சாங்க. சின்னதாச்சு வீணா. நான் கண்ணால பாத்தேன். அப்புறம் அத்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி குத்தினாரு. குத்தினதும் பரவிருச்சு. அந்த வருஷப் பொங்கலுக்கு அக்கா இல்ல."

அவருக்கு அக்கா ஒருத்தி இருந்தாள், சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஊசியாலதான் பரவிச்சுன்னு யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொன்னாங்க."

"எல்லாரும் சொன்னாங்கன்னு உங்க ஃபேக்டரியில ஒரு சாமானையாவது பாஸ் பண்ணி விட்டிருக்கீங்களா?"

"இது ஃபேக்டரி இல்ல. இது நீ."

எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைத் தூக்கிக் குளத்திலேயே எறிந்திருப்பேன். அதற்குள் இருந்தது வெல்லமாயிற்றே என்று கையை அடக்கிக்கொண்டேன். மூன்று மாதம். இந்த மனுஷன் மூன்று மாதம் என்னைக் காக்க வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அத்தனை கெமிஸ்ட்ரியையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இங்கே குந்தி உட்கார்ந்து வெல்லம் கரைத்திருக்கிறார். அவர் மேல் ஆத்திரமாக வந்தது. கூடவே அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"மீன் சாகும்னு உங்களுக்குத் தெரியாதா? டெஸ்மண்ட் சார் சொன்னது உங்களுக்குத் தெரியாத விஷயமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். மீன் போனா வாங்கிக்கலாம்." மூக்கை லுங்கி முனையில் துடைத்துக்கொண்டார். "அந்த வெள்ளை செத்திச்சே, அப்போ உன் கட்டிய அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா போறப்பல்லாம்..."

மஞ்சளைக் காட்டி அம்மோனியா இல்லை என்றபோது அவர் முகத்தில் குழப்பம் இல்லாதது இதனால்தான். ஒவ்வொரு மீன் மிதக்கும்போதும் மனுஷனுக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது. நான் அதே நேரத்தில் உள்ளே படுத்துக்கொண்டு, என்னைவிட மீன்தான் பெரிது இவருக்கு என்று தலையணையைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் பக்கத்தில் ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தேன். "நாளைக்குப் போறோம்" என்றேன். "நீங்க கூட்டிட்டுப் போக வேணாம். நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். சிந்துகிட்டேயும் இன்னிக்கே சொல்லப்போறேன். சத்தியத்தை நான் பாத்துக்கறேன்."

"குத்தினா பரவும் வீணா."

"பரவாதுங்க. பரவுற மாதிரி இருந்தா அது இப்பவே பரவிக்கிட்டுத்தான் இருக்கு, நாம இங்க உக்காந்து பேசிட்டிருக்கும்போதே." சொல்லிவிட்டு வெல்ல டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

டெஸ்மண்ட் சார் வீட்டுப் பம்பு மத்தியானம் வந்தது. இவர் அதைப் பொருத்தினார். தண்ணீரை மாற்றினார். சாயங்காலம் மீன்கள் கீழே இறங்கின. வெல்ல டப்பாவை லட்சுமம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன், அவள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள். சிந்து போனில் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் ஆட்டோ பிடித்துப் போனோம். ஆஸ்பத்திரி நடையில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எங்களுக்கு முன்னால் நிறையப் பேர். சிந்து இன்னும் மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் நிற்பதாகச் செய்தி அனுப்பினாள். உள்ளே போய் வந்த ஒரு பெண் கழுத்தில் சின்னப் பஞ்சுத் துண்டு ஒட்டிக்கொண்டு சாதாரணமாக நடந்து போனாள். இவர் அவளையே பார்த்தார். அவள் படியிறங்கி மறையும் வரைக்கும் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஒருதரம் தொட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆவணியிலிருந்து இன்றுவரை இந்த மனுஷன் அதைத் தொட்டதே இல்லை. ஒருநாள்கூட, தூக்கத்தில்கூட. நான் முந்தானையை விலக்கிக் கழுத்தை நிமிர்த்தினேன். நடையில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. தொழிற்சாலையில் பேரிங்கைக் கையில் உருட்டியே குறை கண்டுபிடிப்பாராம், மெஷினுக்குத் தப்பியதுகூட இவர் விரலுக்குத் தப்பாதாம். கல்யாணமான புதிதில் எத்தனையோ தரம் பெருமை அடித்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கட்டியின் மேல் மெதுவாகத் தடவினார். "இது சின்னதாகவே இல்லையே வீணா" என்றார். கையை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கட்டியைத் தாண்டி மேலே வந்தார், தாடைக்குக் கீழே, காதுக்குப் பக்கத்தில், நான் ஒருநாளும் தடவிப் பார்க்காத இடத்துக்கு. அங்கே விரல் நின்றது. போனது. திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது.

கண்ணைத் திறந்தார். அங்கேயும் ஏதோ இருக்கிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். பட்டாணி அளவுதான். கெட்டியாக இருந்தது, நகரவில்லை.

"வீணா சுந்தரமூர்த்தி" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

நான் எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். ஆண்கள் வெளியே இருங்கள் என்று நர்ஸ் கன்னடத்தில் சொன்னாள், அது அவர் காதில் விழவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கையுறை மாட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா முன்னால் நின்றார். பேசும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது.

"மேடம், சீட்டுல ஒரு இடம்தான் எழுதியிருக்காங்க. ரெண்டு இடம் இருக்கு. ரெண்டையும் குத்தி எடுங்க."